பெருநாளன்று நோன்பில்லை

மூஸக்குட்டி மகானாகிவிட்டார் என்று தலச்சேரியில் பாதிப் பேர் நம்பினார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கும் மனுஷன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போவதையே அல்லாவுக்குச் செய்யும் உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது எந்த வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டாலும் "நோன்பு" என்று நெஞ்சில் கைவைத்து விலகிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரி தன் பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றுவிட்டாள், ஓதி ஊதித் தரச் சொல்லி. மூஸக்குட்டிக்கு வெலவெலத்துப் போயிற்று. ஊதினார், வேறு என்ன செய்வார். காய்ச்சலும் பாழாய்ப்போனது மறுநாளே இறங்கித் தொலைத்தது. அதோடு அவர் பேர் இன்னும் நாலு தெரு தாண்டிவிட்டது.

அத்தனையும் பொய் நோன்பு. நோன்பு பிடிக்க அவரால் முடியவே முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாக்கில் புற்றுநோய் வந்து, நாக்கின் இடது பாதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள். நோய் போய்விட்டது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். ஜெயித்தவருக்கு வாயில் எச்சில் இல்லை. ஒரு வாய் சோற்றுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டும். இடது ஓரத்தில் உணர்ச்சியே கிடையாது, அதனால் அந்தப் பக்கம் எது வழிந்தாலும் சட்டையில் விழுந்த பிறகுதான் தெரியும். ஒரு தட்டு சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும். கடையில் செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலை ஒளித்துவைத்து, நாளெல்லாம் கள்ளத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்த மகான் அவர்.

பொய் தொடங்கியது மகள் ஹசீபாவின் கல்யாணத்தில். சம்பந்தி வீட்டார் கையைப் பிடித்து விருந்துக்கு இழுத்தார்கள், வாய் தானாக "நோன்பு" என்றது. சிகிச்சையில் தவறிய ரமளான் நோன்புகளைத் திருப்பிப் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று அவர்களே அர்த்தம் கண்டுபிடித்து மெச்சிக்கொண்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மூஸக்குட்டியின் புளுகு அதையெல்லாம் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் தலச்சேரியில் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் இருப்பான். ரயீஸும் வந்துவிட்டான். கண்ணூரில் செல்போன் கடையில் வேலை. ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள பையன். புதியாப்பிளை என்கிற புது மாப்பிள்ளை வந்தால் பெண்ணைப் பெற்றவன் அவனோடு உட்கார்ந்து ஒரே தளிகையில், ஒரு பெரிய வட்டத் தட்டில், கைவைத்துச் சாப்பிட வேண்டும். அப்படி உட்காராவிட்டால், நீ வந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய்திறந்து சொன்ன மாதிரி. இரவானால் என்ன செய்வது, நோன்புதான் திறந்தாயிற்றே? மூஸக்குட்டி அதற்கும் வழி வைத்திருந்தார். பள்ளிவாசலிலேயே பேரீச்சம்பழமும் கஞ்சியும் ஆயிற்று, இனிமேல் வயிறு தாங்காது என்பார். பிறகு எல்லோரும் தூங்கப் போனதும் அடுப்படி மூலையில் திரும்பி உட்கார்ந்து குழைத்த சோற்றை விழுங்குவார். மனைவி குல்ஸு பக்கத்திலேயே நின்றுகொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சோற்றையே மறைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுப்பாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹசீபா கடைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. ரயீஸ் தனி வீடு பார்க்கிறானாம், கண்ணூரிலேயே. ஏன் என்று கேட்டால், உன் உப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்கிறானாம். விரதம் இருக்கிற பெரியவர் முன்னால் எப்படி வாரி வாரித் தின்பது என்று இந்த வீட்டில் அரைவயிறு சாப்பிட்டுவிட்டு, தினமும் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் பொரோட்டா தின்கிறானாம்.

"பெருநாளன்னிக்காவது அவர்கூட உக்காருங்க உப்பா," என்றாள். "அன்னிக்கு நோன்பு ஹராம். அதுக்கும் ஒரு சாக்கு கண்டுபிடிச்சீங்கன்னா, நான் அவர்கூடப் போயிடுவேன்."

இதுதான் மூஸக்குட்டி சுத்தமாக மறந்துபோன விஷயம். உலகத்தில் வேறு எந்தச் சாக்கையும் வருஷம் முழுக்க ஓட்டலாம். நோன்புக்கு மட்டும் மார்க்கமே விடுமுறை விட்டிருக்கிறது. பெருநாளும் அதற்கடுத்த மூன்று நாளும் நோன்பு பிடித்தால் பாவம். வீடு நிறைய ஆள், நடுவில் பிரியாணி, பக்கத்தில் மருமகன். நல்ல வலையாகப் பார்த்துத்தான் தானே போய் மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் வாய்ப் பட்டாளம் கூடும். பெயர் வைத்தது குரியாச்சன். வைக்கத்தில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், கன்னத்தில் பாதி இல்லாதவர், மிச்சமிருக்கிற பாதியால் ஊரையே கலாய்ப்பவர். கொச்சி ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கும் ஜின்ஸி என்ற பெண் வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை வீடியோ அழைப்பில் கூட்டி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு அவரவர் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அதுதான் அவள் வைத்த ஒரே வழக்கம். யாரும் யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம், கேமராவைத் திறப்பதும் மூடுவதும் அவரவர் இஷ்டம்.

மூஸக்குட்டி கடை மாடியில் உட்கார்ந்து, போனைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிடுவார். சுவரில் செருப்புக் கம்பெனி காலண்டர் தொங்கும். இத்தனை மாதமாக அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலண்டரும் அவர் குரலும்தான். குரியாச்சன் அவரைக் காலண்டர் இக்கா, காலண்டர் அண்ணன், என்றே கூப்பிடுவார்.

அன்று மூஸக்குட்டி முழுக்கதையையும் சொன்னார். நோன்பு, தண்ணீர் ஓதிக் கொடுத்தது, ஹோட்டல் பொரோட்டா, தனி வீடு, எல்லாம். குரியாச்சன் சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறி, அவர் மனைவி ஓடிவந்து முதுகில் தட்டுவது திரையில் தெரிந்தது.

"நான் பல்வலின்னு பொய் சொல்லியிருக்கேன், மாமியாருக்கு சீரியஸ்னு சொல்லியிருக்கேன்," என்றார் மூச்சு வாங்கியபடி. "அல்லாவையே சாட்சிக்கு இழுத்தது நீங்க ஒரு ஆள்தான் இக்கா. என் மாமியார் செத்து இருபது வருஷமாச்சு, அது வேற விஷயம்."

ஜின்ஸி சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, மருமகன் அருவருத்து எழுந்து போய்விடுவான் என்று பயமா என்று கேட்டாள்.

மூஸக்குட்டி யோசித்தார். "எழுந்து போனா பரவால்ல மோளே," என்றார். "அவன் நல்ல பையன், போகமாட்டான். பாக்காத மாதிரி உக்காந்திருப்பான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு என் கூடப்பிறந்த தம்பி அப்படித்தான் உக்காந்திருந்தான். என் வாய்லேர்ந்து சோறு விழுது, அவன் ஃபேனைப் பாத்துக்கிட்டு மழை வருமான்னு கேக்கறான். அது தாங்காது எனக்கு."

 பட்டாளத்திலிருந்த பாலக்காட்டு லீலாமணி டீச்சர்தான் பதில் சொன்னார். இட்லியை மோரில் கரைத்துக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா என்கூட உக்காந்து சாப்பிடல. தட்டை எடுத்துக்கிட்டு டிவி முன்னாடி போயிடறார்," என்றார் டீச்சர். "இங்க எழுந்து போறது அவர். உங்க வீட்ல எழுந்து போறது நீங்க. அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். போனைத் திருப்புங்க, முதல்ல நாங்க பாக்கறோம்."

டீச்சர் முப்பது வருஷம் ஏழாம் வகுப்பு எடுத்தவர், அவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. மூஸக்குட்டி போனைத் திருப்பினார்.  குல்ஸு கட்டிக்கொடுத்த சோற்றையும் மீன் குழம்பையும் பிசைந்து ஒரு வாய் வைத்தார். தண்ணீர் குடித்தார். வழக்கம்போல இடது பக்கம் வழிந்தது. திரையைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"இவ்வளவுதானா?" என்று குரியாச்சன் ஏமாந்த குரலில் கேட்டார். "நான் என்னமோ அருவி கொட்டும்னு நினைச்சேன். என் பக்கத்துல உக்காந்து பாருங்க, குடை வேணும்."

டீச்சரே சிரித்துவிட்டார். மூஸக்குட்டிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சோறு வெளியே வந்தது, அதைப் பார்த்து மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சேர்ந்து சாப்பிடுவது இவ்வளவு சுகம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்று தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் மூஸக்குட்டியை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம், வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று கணக்குப் போட்டபடிதான் வந்தார். வாசலில் ஹசீபா நின்றிருந்தாள்.  அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நேராக உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

நாலு பேருக்கு ஒரு தளிகை. அவருடைய தளிகையில் அவர், ரயீஸ், குல்ஸுவின் இரண்டு அண்ணன்மார். கோழி பிரியாணி ஆவி பறந்தது. ரயீஸ் அவர் பக்கத்தில் உட்காரும்போதே பரீட்சை எழுத வந்தவன்போல வியர்த்திருந்தான்.

"உப்பா, நோன்பெல்லாம் முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்ததுதான், இருக்கிற அரை நாக்கு நுனிவரை. மைத்துனன்மார் கேட்டால் கேட்கட்டும் என்று மூஸக்குட்டி அதை விழுங்கினார்.

"அது நோன்பு இல்ல மோனே. வெக்கம்," என்றார். "நான் சாப்பிடறதை யாரும் பாக்கக்கூடாதுன்னு வெக்கம். உன்னைப் பிடிக்காம இல்ல."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து, கோழியை நாராகக் கிழித்து, ஒரு வாய் வைத்தார். தண்ணீர். மென்றார். வழிந்ததோ இல்லையோ அவருக்குத் தெரியாது. ஆனால் பெரிய மைத்துனர் சட்டென்று ஊறுகாய்க் கிண்ணத்தில் ரொம்ப அக்கறையாக எதையோ தேட ஆரம்பித்தார். சின்னவர் ஜன்னலைப் பார்த்தார். மூஸக்குட்டியின் கை தளிகையிலேயே நின்றுவிட்டது. எழுந்துவிடலாம் என்று முழங்காலை ஊன்றிவிட்டார்.

"உப்பா," என்றான் ரயீஸ். அவர் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "மோவாய்ல ஒரு பருக்கை. அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங், போயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தளிகையிலிருந்து ஒரு பெரிய கோழித் துண்டை இழுத்து, மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன்போலத் தின்ன ஆரம்பித்தான்.  மூஸக்குட்டிக்கு அவன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பொரோட்டாக் கடைக்குத் துரத்தினேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஊன்றிய முழங்காலை மடக்கி, அடுத்த வாயைப் பிசைந்தார்.

மைத்துனன்மார் சீக்கிரமே முடித்துக்கொண்டு ஏப்பம் விட்டு எழுந்தார்கள். மற்ற தளிகைகளும் காலியாகிப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். மூஸக்குட்டி பாதிகூடத் தாண்டவில்லை. ரயீஸின் வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. அவன் எழவில்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் செல்போனைக் கக்கூஸில் போட்டுவிட்டு என்னென்ன பொய் சொல்வார்கள் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தன் பங்குக்குத் தளிகையின் ஓரத்தில் ஒவ்வொரு பருக்கையாகக் கொறித்துக்கொண்டும் இருந்தான். விரல்களில் நெய் காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது.

குல்ஸு வாசற்படியில் வந்து நின்றாள். புதியாப்பிளை கையலம்ப வரலாமே, சுலைமானிச் சாயா ஆறுகிறது, உறவுக்காரர்கள் பார்க்க வந்து காத்திருக்கிறார்கள் என்றாள்.

"அவங்க காத்திருக்கட்டும் உம்மா," என்றான் ரயீஸ். "உப்பா இன்னும் முடிக்கல."