காதில்லாத கணினி

கோப்பையின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்ட கிறிஸ்டாவிடம் ரஸ் நியெமி "செவ்வாய்க்கிழமை" என்றார். சாவியின் படத்துக்கும் அதே பதில்தான். மூன்றாவது படத்தை அவர் பார்க்கவே இல்லை. நன்றாக இருக்கும் இடது கையால் அட்டைக்கட்டை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சன்னலுக்கு வெளியே பனி மூடிக் கிடந்த தன் பிக்கப் வண்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் கிறிஸ்டா நல்ல பெண். முகம் சுளிக்காமல் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பியவள், வாசலில் பூட்ஸ் மாட்டும்போது தணிந்த குரலில் சொன்னாள்: "அவருக்கு எல்லாமே தெரியுது டார்லீன். வார்த்தை வாய்க்கு வர்ற வழிதான் அடைஞ்சு கிடக்கு. பேசிப் பேசித்தான் அது திறக்கும். ஆனா அவர் பேச மாட்டேங்கிறாரே."

ரஸ்ஸின் மனைவி டார்லீனுக்குக் காரணம் தெரியும். மார்க்கெட் என்ற அந்தச் சின்ன ஊரின் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியே வேலைக்காலம் முழுக்கக் கழித்த மனிதர். கம்பத்தின் உச்சியிலிருந்துகொண்டு தெருவில் போகிறவர்களிடம் வம்பளப்பார். அவரைப் போய் உட்கார வைத்துக் கோப்பையைக் காட்டி என்னவென்று கேட்டால் அவமானமாக இருக்காதா? இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசித்தாலும் செவ்வாய்க்கிழமை, குளிர்ந்தாலும் செவ்வாய்க்கிழமை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இப்போது இரண்டும் வருவதில்லை. வீட்டில் அவள் குரல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அட்டையைத் தொடாதவர் இதையாவது தொடுவார் என்று, அந்த வாரக் கடைசியில் அவள் நிலவறையிலிருந்து ஒரு பழைய கணினியைத் தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்தாள். தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனையில் ரஸ் வாங்கி வந்தது. நாற்பது வயது தாண்டிய பெட்டி. "ஏரியில நங்கூரமாப் போடலாம்" என்று அப்போது அவள் கேலி செய்திருந்தாள். கோடை முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்து, லேப்டாப்போடு இணைக்க ஒரு கேபிளையும் வரவழைத்திருந்தார். கேபிள் வந்து சேர்ந்த வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கனடாவில் சட்பரியில் இருக்கும் கோர்டி என்பவரோடு இந்தப் பெட்டி விஷயமாக அவர் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தது டார்லீனுக்குத் தெரியும். போன் போட்டாள்.

"அந்தக் காலத்து புரோகிராம் எல்லாம் நெட்ல கிடக்கு" என்றார் கோர்டி. "யாரோ புண்ணியவான்க ஏத்தி வச்சிருக்காங்க. உங்க லேப்டாப்புக்கு ஒரு நொடி வேலை. ஆனா உங்க பெட்டிக்குக் காது கிடையாது. லேப்டாப் என்ன கத்துனாலும் அதுக்குக் கேக்காது."

"அப்போ என்ன பண்றது?"

"காதை நீங்கதான் வச்சுவிடணும். சின்னதா ஒரு புரோகிராம், எண்ணும் எழுத்துமா இருக்கும். கையால தட்டி ஏத்திட்டீங்கன்னா, மிச்சத்தை அதுவே கேபிள் வழியா வாங்கிக்கும். ஒண்ணு மாறினாலும் ஓடாது, பாத்துக்குங்க. கரண்ட் போனா முதல்லேருந்து."

கோர்டி அனுப்பியதை அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 8D, A9, 20 என்று வரிவரியாக, அர்த்தமே இல்லாத மாதிரி. தாளைப் பார்த்தால் விசை தவறியது. விசையைப் பார்த்தால் வரி தவறியது. இரண்டாம் வரியிலேயே எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, எதிரே சும்மா இருந்த ரஸ் கையை நீட்டி, சரியான இடத்தில் விரலை வைத்தார்.

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். "நீ வாசி. நான் தட்டறேன்."

"செவ்வாய்க்கிழமை."

"அது இந்தத் தாள்லயே இல்லை, கிழவா. இருக்கிறதைப் படி."

ரஸ் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்புதான். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உதடு கூடி, பிரிந்து, மறுபடி கூடியது. பிறகு வேறு வழியாகப் போகிறவரைப் போல, "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். "ரெண்டு. மூணு. நாலு." டார்லீன் விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள். எட்டு வந்ததும் நிறுத்தி மேசையைத் தட்டினார். அவள் எட்டை அழுத்தினாள். அடுத்தது டி. "ஏ, பி, சி" என்று குழந்தைகள் பாடும் ராகத்திலேயே மெல்ல நடந்துபோய் டியில் நின்றார்.

இப்படியே போனது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்றிலிருந்து படியேற வேண்டியிருந்தது. சில சமயம் வேகத்தில் தாண்டிப்போய்விட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு மீண்டும் கீழேயிருந்து வந்தார். சில எண்கள் படியில்லாமல் நேராகவே வந்தன. அப்படி வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போனார்கள், பேசினால் பறந்துவிடும் என்பதுபோல. அடுப்பில் சூப் ஆறிப்போனது. வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமானது. இவ்வளவு நேரம் அவர் குரல் அந்த வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரியும் முடிந்தது. கேபிளைச் செருகி, லேப்டாப்பில் கோர்டி சொன்ன பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பச்சைத் திரை உறைந்து நின்றது.

"எங்கயோ ஒண்ணு மாறிப்போச்சு. பரவாயில்லை. நான் வாசிக்கிறேன், நீ சரி பாரு" என்று தாளை எடுத்தாள். ரஸ்ஸின் முகம் சிவந்திருந்தது. யாரால் மாறியது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குனிந்து சுவரிலிருந்த வயரைப் பிடித்து இழுத்தார். திரை நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

டார்லீன் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளி இருந்த இடத்தையே பார்த்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்ந்தது.

"நல்லது. நீ பாட்டுக்குப் பிடுங்கிட்டு உக்காந்துக்க. இந்த வீட்டுல நான் மட்டும் தன்னந்தனியா பேசிக்கிட்டே சாகணும், அதானே? ஒரு எண்ணைத் தப்பாச் சொன்னா என்ன, குடியா முழுகிப்போச்சு? எனக்கு நீ தப்புத்தப்பாவாவது பேசினாப் போதும் ரஸ்."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கை மரத்துப்போகும்வரை வாசலில் பனியைத் தள்ளினாள். உள்ளே வந்தபோது அவர் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்துத் திரும்பியபோது, மேசையில் பச்சைத் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. வயரை அவரே செருகியிருந்தார். மதியத்துக்கு அவள் வைத்துவிட்டுப்போன, இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டி தொடாமல் கிடந்தது. தாளில் ஓர் இடத்தில், இடது கையால் போட்ட கோணல்மாணலான பென்சில் வட்டம். வட்டத்துக்குள் ஒன்பது இருந்தது. நேற்று அதை ஆறு என்று அவர் நிறுத்தியதும், தான் ஆறையே தட்டியதும் டார்லீனுக்கு நினைவு வந்தது.

ரஸ் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டு, விரலைத் தன் மார்பில் வைத்தார். வாய் கோணியது. நெற்றி நரம்பு புடைத்தது.

"நான்" என்றார்.

அவள் கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேஸ்டியைப் பிட்டுப் பாதியை அவர் கையில் கொடுத்தாள். "தின்னுட்டு ஆரம்பி."

முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டி முடித்து, இந்தமுறை பொத்தானை அழுத்தியதும் பச்சைத் திரையின் மூலையில் ஓர் எழுத்து துடிக்கத் தொடங்கியது. எழுத்து மாறிக்கொண்டே இருந்தது. லேப்டாப் அனுப்புவதை, பெட்டி ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டிருந்தது. ரஸ் மூச்சைப் பிடித்தபடி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தார். துடிப்பு நின்றதும் திரை ஒருமுறை வெறுமையாகி, பிறகு நடுவே ஒரு மலை எழும்பியது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பீரங்கி, அந்தப் பக்கம் ஒரு பீரங்கி. எந்தக் கோணத்தில், எவ்வளவு விசையோடு சுடுவது என்று அந்த விளையாட்டு கேட்டது.

"இதுக்காகவா இவ்வளவு பாடு?" என்றாள் டார்லீன். தனக்குத் தோன்றியதை அடித்தாள். அவள் குண்டு பக்கத்து மலைச்சரிவிலேயே மோதி விழுந்தது. ரஸ் தோள் குலுங்கச் சிரித்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது. அது போதுமானதாக இருந்தது.

"ரொம்பச் சிரிக்காத. உன் முறை. எவ்வளவு, சொல்லு."

அவர் திரையை வெகுநேரம் அளந்தார். பிறகு "பத்து" என்று தொடங்கினார். "இருபது. முப்பது." நாற்பதில் நிற்பார் என்று அவள் நினைத்தாள். நிற்கவில்லை. ஐம்பது, அறுபது என்று ஏறிப்போய் எண்பதில் மேசையைத் தட்டினார்.

"செங்குத்தாப் போயிடும்டா, பைத்தியமா உனக்கு?"

மறுபடி தட்டினார். "எண்பது."

அவள் அடித்தாள். விசையையும் அவர் கேட்டபடியே கொடுத்தாள். சின்னப் பச்சைப் புள்ளி பீரங்கியிலிருந்து கிளம்பி, மலையைவிட உயரமாக, எண்கள் எழுதியிருந்த வரியையும் தாண்டி, திரையின் மேல் விளிம்புக்கு அப்பால் போய் மறைந்தது. மலையும் இரண்டு பீரங்கிகளும் மட்டும் மிஞ்சின. இருவரும் கழுத்தை நீட்டி, தலையைச் சற்றே உயர்த்தியபடி, அது கீழே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.