கை நீளமான மாப்பிள்ளை

பூட்டுக்கடைக்காரருக்கு ஒரே மகள். அவள் ஆசைப்பட்ட பியானோக்காரனைப் பற்றி விசாரிக்காமல் சரி என்று சொல்லிவிட அவர் என்ன ஏமாளியா? நேரே அவனுடைய வாத்தியாருக்குப் போன் போட்டார்.

வாத்தியார் புகழ்ந்து தள்ளினார். ரஷ்யக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் பியானோவுக்கு எழுதிவைத்த ராட்சச இசை உருப்படி ஒன்று இருக்கிறதாம். பெரிய வித்வான்களே அதன் பக்கம் போகப் பயப்படுவார்களாம். ஆனால் சாவி அறுக்கும் இயந்திரம் கத்திய கத்தலில் கடைக்காரர் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்.

"பையனுக்குக் கை ரொம்ப நீளம்ங்க. அதான் அந்த ரஷ்யக்காரரையே ஒரு கை பார்த்துட்டான்."

கடைக்காரர் போனை வைத்துவிட்டு யோசித்தார். அசலூர்க்காரனிடமே கைவரிசையைக் காட்டியவனுக்கு இந்த வீடு எம்மாத்திரம்! சொன்னால் மகள் அழுது தீர்ப்பாள். சொல்லாவிட்டால் அவள் வாழ்க்கையே போச்சு. கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பையன் வருவதற்குள் அலமாரி, மேஜை இழுப்பறை, சர்க்கரை டப்பா என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பூட்டுப் போட்டார். மகளின் பியானோ மூடியையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ரஷ்ய உருப்படியை அப்பா ஒருமுறை கேட்டால் போதும், மனசு இளகிவிடும் என்று மகள் நம்பியிருந்தாள். பையன் வந்ததும் பியானோவைத் திறக்கப் போனவள், பூட்டைப் பார்த்து அவரை முறைத்தாள். அவர் அவசரமாகச் சாவியை எடுக்க, அது நழுவிப் பியானோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்துவிட்டது. அப்பா கைவிட்டுப் பார்த்தார், அம்மா பார்த்தாள், எட்டவில்லை. பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே விட்டான். கை போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு சாவியோடு வெளியே வந்தது.

உட்கார்ந்து வாசித்தான். கட்டைவிரல் இங்கே ஒரு கட்டையில் இருந்தால் சுண்டுவிரல் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது. வீடே அதிர்ந்தது, சர்க்கரை டப்பாவின் பூட்டுகூடக் கிலுகிலுத்தது. கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அட, நீளம் என்றால் நிஜமாகவே நீளம்! பாவி, நல்ல பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. டப்பாவைத் தானே திறந்து அவனுக்குக் காப்பி கலந்தார்.

சந்தோஷம் தாங்கவில்லை. கையோடு தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, கல்யாணத்தை முடிவு பண்ணியாச்சு. மாப்பிள்ளைக்குக் கை எவ்வளவு நீளம் தெரியுமா? நானே என் கண்ணால பார்த்தேன்."



"அப்போ," என்றாள் அக்கா மெதுவாக, "கல்யாணத்துக்கு நான் நகை போட்டுக்கிட்டு வரட்டுமா, வேண்டாமா?"