மைப்புள்ளிக்கு அடியில்

நுண்ணோக்கியில் தலைப்பிரட்டைகள், வாலைக் குறுக்கிக்கொண்டு ஊதா நிறத்தில் நிற்கின்றன, ஒரு முனை கூராக, மறுமுனை உருண்டு, மூன்று வருடமாக இங்கேயேதான் இருந்திருக்கின்றன, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஸ்லைடிலிருந்த நீலப் புள்ளியை இப்போதுதான் துடைத்தேன், துடைத்த இடத்தில் இவை, புற்றின் குழல்கள், என்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருக்கிறது, அந்தப் புள்ளி எங்கள் தலைமை மருத்துவர் தேவசகாயம் சார் வைத்தது, அவர் பார்த்து முடித்த இடத்தில் மை வைப்பார், நாங்கள் புள்ளியின் ஓரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதுதான் வழக்கம், அன்றும் வெறும் தழும்பு, புற்று இல்லை என்று எழுதினேன், கண்முன்னே இன்னும் அந்த நாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பேனா கையில் இருக்கிறது, முப்பிடாதி வாசலில் நிற்கிறாள், மார்பில் கட்டி என்று வந்த பீடி சுற்றும் பெண், ஒண்ணுமில்லையே டாக்டரம்மா, ஒண்ணுமில்ல, நிம்மதியாப் போயிட்டு வா, அவள் கும்பிடுகிறாள், அந்தக் கும்பிடு இன்றைக்கு நெஞ்சில் ஏறி மிதிக்கிறது.

முப்பிடாதி மறுபடி வந்திருக்கிறாள், கட்டி இப்போது எலுமிச்சை அளவு, மார்பையே எடுக்கவேண்டும், அன்றைக்கே தெரிந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், சார் டீயை ஆற்றியபடி சொல்கிறார், இது அபூர்வமான குழல் புற்றும்மா, ரொம்ப சாது, மெதுவாத்தான் வளரும், உசுருக்கு ஒண்ணும் ஆவாது, பழச எதுக்குக் கிண்டுத, புதுசா ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துரு, சாதுவாம், அறுபடப்போவது யாருடைய மார்பு, அந்த டீயைத் தட்டிவிட்டால் என்ன என்றிருக்கிறது, தட்டிவிடவில்லை, மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டின் எண்ணைப் போட்டு, அது தவறு என்று எழுதி, என் பெயரையும் அவர் பெயரையும் எழுதினேன், எழுத்து தாளைக் கிழித்தது.

முப்பிடாதியை உள்ளே கூப்பிட்டு நுண்ணோக்கியில் குனிய வைத்தேன், அன்னைக்கு எடுத்த அதே சதைதான், இதுக்கு மேல சார் மை வச்சிருந்தாரு, நான் அழிச்சுப் பாக்கல, தப்பு என்னுது, என்றேன், கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் தலை நிமிரவேயில்லை, ஒரு பீடி பழுதுன்னா கம்பெனில முழுக் கட்டையே பிரிச்சுப் பாத்து மூஞ்சில எறிவாவ டாக்டரம்மா, நீங்க ஒரு புள்ளிய அழிச்சுப் பாக்கலியா, பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு கை தானாக மார்புக்குப் போனது, தலைப்பிரட்டைல்லா இது, கொளத்துல கெடக்குமே, சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே, என்றாள். நான் அவளிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.