என் கல்லும் மீனம்பாள் கரையும்

என் பெயர் இளவரசன். செஞ்சியில் இந்தப் பெயரோடு ஒருத்தன் வளர்வது லேசு இல்லை. "ராஜா இன்னா, மலைய விட்டு எறங்கிட்டாரா?" என்று கேட்டே ஊர் என்னை வளர்த்தது. என் ராஜ்ஜியம் வல்லம் போகிற ரோட்டில் ஒரு கல் குவாரி, மூன்று டிப்பர் லாரி, அவ்வளவுதான். நாற்பது வயது வரை நான் கடலைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நின்று, அலை வந்ததும் திரும்பி ஓடியவன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கடலைத் தடுக்கிற வேலை வந்தது.

மரக்காணம் பக்கம் முத்துமாரிக்குப்பம் என்று ஒரு மீனவ ஊர். ஒவ்வொரு மழைக்காலமும் இரண்டு மூன்று வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்ட முடிவானது. கல் என்னுடையது. ஆறு மாதம் லாரி ஓடியது. வளைவுக்குத் தெற்கே, ஊர் இருந்த பக்கம், மணல் மேடுதட்ட ஆரம்பித்தது. படகு நிறுத்த இடம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளக்ஸ் வைத்தேன். "கடலைக் கட்டிய காவலரே, வருக!" கீழே, "இப்படிக்கு, நண்பர்கள்." நண்பர்கள் என்றால் நான்தான். வாசகம் எழுதியதும் நான்தான்.

என் மனைவி வளர்மதி பிளக்ஸை நின்று படித்துவிட்டு, "கடலையே கட்டிட்டீங்க. கடலோரமா நமக்கு ஒரு வூடு இருக்கக் கூடாதா?" என்றாள். கிண்டலா ஆசையா என்று எனக்குப் புரியவில்லை. ஆசை என்றே எடுத்துக்கொண்டேன். முத்துமாரிக்குப்பத்துக்கு வடக்கே, நடக்கிற தூரத்தில், சின்னமேட்டுக்குப்பத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது என்று ஏற்பாடு.

அந்த வீட்டுக்கு வடக்கே அடுத்த வீடு மீனம்பாளுடையது. ஐம்பது வயதிருக்கும். கருவாடு காயவைத்து விற்பவள். முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"முத்துமாரிக்குப்பத்துக்குக் கல்லு கொட்டுனது நீங்கதான?"

"ஆமாம்மா," என்றேன். பொன்னாடையை எதிர்பார்த்துத் தோள் தானாக நிமிர்ந்தது.

"நீங்க கொட்டுனதுல இருந்து எங்களுக்கு மண்ணு வர்றதில்ல சார்."

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, அவளுக்குக் கடலைப் பற்றி விளக்கவும் ஆரம்பித்தேன். சைட் இன்ஜினியரோடு குடித்த இரண்டு டீயில் நான் கற்றது முழுவதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கால் விரலால் மணலில் ஒரு கோடு இழுத்தாள்.

"இது கரை. வருசத்துல முக்காவாசி மாசம் தண்ணி தெக்க இருந்து வடக்க இழுக்கும். மண்ணும் கூடவே வரும். ஒரு பக்கம் அலை அரிக்கும், இன்னொரு பக்கம் கொண்டாந்து போடும். நடுவுல கல்லு போட்டா மண்ணு அங்கியே நின்னுடுது. அலை மட்டும் இங்க வருது. வந்தா சும்மா போவுமா?"

"அப்போ முத்துமாரிக்குப்பம் ஏன் அரிச்சிது?"

"அவுங்களுக்குத் தெக்க தொறமுகத்துச் செவுரு கட்டுனாங்க. அவுங்க மண்ணு அங்க நிக்கிது."

"நீங்க கவலப்படாதீங்கம்மா. நம்ம கல்லு தரமான கல்லு," என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

ஐப்பசி பிறந்தது. ஒரே வாரத்தில் வீட்டு முன்னாடி இருந்த இரண்டு தென்னை சாய்ந்தது. காம்பவுண்டு சுவர் அப்படியே கவிழ்ந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. என் லாரி, என் கல். எட்டு லோடு கொண்டுவந்து என் வீட்டுக்கு முன்னால் மட்டும் கொட்டினேன். அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை மீனம்பாள் போன் செய்தாள். வளர்மதியும் நானும் போய் இறங்கினோம். என் வீடு நின்றிருந்தது. என் கல்லில் மோதிய அலை, கல் முடிகிற இடத்தில் வளைந்து, வடக்கே திரும்பி, மீனம்பாளின் சமையலறையையும் கருவாட்டுக் களத்தையும் எடுத்துப் போயிருந்தது. இடிந்த சுவருக்குள் அவள் மிக்ஸியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒன்றையே சொன்னேன். "நாளைக்கே உங்களுக்கும் நாலு லோடு கொட்டிடறேன்மா."

அவள் நிமிர்ந்தாள். "எனக்குக் கொட்டுனா அந்தாண்ட சுமலதா வூடு போவும். அவளுக்கும் கொட்டுவியா? அப்பிடியே கொட்டிக்கினே மெட்ராஸ் வரைக்கும் போவியா? உங்க ஊர்ல எத்தினி மலை வச்சிருக்க?"

அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவள். வளர்மதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புடவையைச் செருகிக்கொண்டு அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்தாள். நான் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அழுகை வரவில்லை. எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அங்கே ஒளிய ஒரு மரம்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

தை மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். சின்னமேட்டுக்குப்பத்துக்கும் தூண்டில் வளைவு போடலாமா என்று கேட்கத்தான். கல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மீனம்பாளும் இன்னும் சிலரும் எழுந்து, கல் வேண்டாம், வளைவுக்குத் தெற்கே குவிந்து கிடக்கிற மணலை எடுத்து வடக்கே கொட்டுங்கள் என்றார்கள். அப்போது நானும் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியாது.

"நான்தான் கல்லுக்காரன். கல்லு வாணாம்," என்றேன். அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தெற்கே என்று சொல்லி மேற்கே கை காட்டினேன். மணல் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் கல் என்றேன். பின்வரிசையில் மற்ற குவாரிக்காரர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. எழில் என்கிற பெண் இன்ஜினியர்தான் என்னைக் காப்பாற்றினார். "அவர் சொல்றது சரிதான். ஆத்துல அணை, மணல் அள்ளறது, இதனால கடலுக்கு வர்ற மண்ணே கொறைஞ்சிடுச்சு. வர்ற கொஞ்சத்தையும் நாம நடுவுல நிறுத்திடறோம்," என்றார்.

அடுத்த வருடம் மணலை எடுத்து வடக்கே கொட்டினார்கள். என் லாரிகளும் ஓடின. அதற்கு முன்பே நான் என் வீட்டு முன்னாடி கொட்டிய எட்டு லோடையும் திரும்ப அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் போட்டோ எடுக்க யாரும் இல்லை. ஐப்பசி மழையில் என் வீடு கடலுக்குள் போனது. கொட்டிய மணலில் பாதியும் அந்த மழையில் போனது. மீதிப் பாதியில் மீனம்பாள் மறுபடியும் கருவாடு காயவைத்தாள். வருடா வருடம் கொட்ட வேண்டும், ஒரு வருடம் விட்டாலும் கரை பின்வாங்கிவிடும் என்கிறார் எழில்.

போன அமாவாசைக்கு மீனம்பாள் மேல்மலையனூர் கோயிலுக்கு வந்தவள், திரும்பும்போது செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பழைய குவாரிக் குழியில் மழைத்தண்ணீர் நின்றதால் அதில் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தேன். அந்த மீனைக் குழம்பு வைக்கச் சொன்னது நான்தான். மீனவப் பெண்ணுக்கு மீன் போட்டு அசத்துவதாக நினைப்பு.

மீனம்பாள் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். வளர்மதியைப் பார்த்தாள்.

"கொழம்பு நல்லா இருக்குது கண்ணு. மீனுதான் சேத்து நாத்தம் அடிக்குது."

"அவரு வளத்தது," என்றாள் வளர்மதி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டிலேயே போட்டுக்கொண்டேன்.