ஏறாத ரத்தம்

"தலக்கட்டு நனையாம ஊத்துங்க" என்று செல்வகுமாரி சொன்னதும் குடத்தோடு நின்ற பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவருக்கு இனி நனைந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சில் கிடந்த அப்பா சுப்பராயலுவின் மொட்டைத் தலையில் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு அப்படியே இருந்தது.

அம்மா தையலம்மாள் அவளைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனாள்.

"ஒன் சித்தப்பா தெருமொனையிலயே நிக்கறாரு. உள்ள கூப்புடறதா, இன்னா பண்றது?"

சித்தப்பா ஜெகநாதனுக்கும் அப்பாவுக்கும் பொதுக் கிணற்றில் கரும்புக்குத் தண்ணீர் முறை வைப்பதில் சண்டை. முதலில் பேச்சு நின்றது, பிறகு சாவு வாழ்வுக்குப் போய்வருவதும் நின்றது. 'நான் செத்தாகூட அவன் என் வாசல மிதிக்கக் கூடாது' என்று அப்பா ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மூளையில் கட்டி, ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போகும், கொடுப்பதற்கு ஆள் கூட்டிவாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சொந்த ஊர் குருவிநத்தத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கூப்பிடாமலே அதில் ஏறி வந்தவர் சித்தப்பா. ரத்தம் கொடுத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

"அவரு சொன்ன சொல்ல மீற எனக்கு மனசு வரல" என்றாள் அம்மா. "ஆனா தம்பி ரத்தம் அவரு ஒடம்புல ஓடியிருந்தா, அப்புறம் இன்னாடி பகை? நீதான டாக்டராண்ட பேசன. ஏத்துனாங்களா?"

ஏற்றவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாளே தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்த நாளங்களை அடைத்துவிட்டார்கள். "ரத்தம் ரொம்பப் போகலம்மா, ஒரு பாட்டில்கூடத் தேவைப்படல" என்று டாக்டர் சந்தோஷமாகவே வந்து சொன்னார். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கப்புறம்தான் மூளை வீங்கி, அப்பா கண் திறக்காமலே போனார்.

அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவர் ஊர் கேட்கச் சொன்ன அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் தீராத ஆத்திரம். இல்லை என்று சொன்னால் அந்தச் சொல் நிற்கும், சித்தப்பா தெருமுனையோடு திரும்பிவிடுவார்.

"ஏத்துனாங்கம்மா" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரத்தம் ஏற்றியதைச் சொல்லித் தெருமுனைக்கு ஆள் அனுப்பினாள்.

சித்தப்பா செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். அழவில்லை. குடத்தை வாங்கி அண்ணன் காலில் ஊற்றினார். பிறகு செல்வகுமாரியின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கையில பாப்பா ஏத்துனாங்க?"

"எடது கையில சித்தப்பா."

அவர் அந்தக் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே ஊசி குத்திய இடம் கன்றிக் கறுத்திருந்தது. டிரிப்ஸ் போட்ட இடம். அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சித்தப்பா அப்படியே நின்றார். மற்ற பங்காளிகள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.