எரியாத சிவப்பு விளக்கு

ஐந்து மணிக்கு லண்டன் டிவியில் நாடக ஒளிபரப்பு. நாலே முக்காலுக்குப் பார்த்தால் நீதிபதி மேஜையில் இருந்த தடித்த சட்டப் புத்தகத்தைக் காணோம்.

எனிட் பார்லோ மேஜைக்கு அடியிலும் குனிந்து தேடினாள். அந்தப் புத்தகத்துக்குள் சட்டமா இருந்தது? நீதிபதியாக நடிக்கும் லயனல் கார்விக்கின் வசனம் முழுவதும் அதன் பக்கங்களில்தான் ஒட்டியிருந்தது. ஒட்டியவளே எனிட்தான். இப்போது அந்த இடத்தில் பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு கிடந்தது.

அரங்கச் சாமான்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"மேலேருந்து உத்தரவும்மா. கதை நடக்கிறது ரெண்டாயிரத்து முந்நூறாம் வருஷமாம். அப்போ புத்தகமே இருக்காதாம். காலைலயே வேன்ல ஏத்தி அனுப்பிட்டோம்."

புத்தகம் இருக்காதாம், ஆனால் செவ்வாய் கிரகத்து நீதிபதியின் தலையில் குதிரைமயிர் டோப்பா மட்டும் இருக்குமாம். இந்த மேதாவிகளை என்ன சொல்வது! டோப்பா இல்லாவிட்டால் அது கோர்ட் என்று லண்டன்காரர்கள் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் அது. டிவி நாடகத்தைப் படம் பிடித்து வைத்துப் பிறகு போடுவதெல்லாம் இல்லை. இங்கே நடிக்க நடிக்க அங்கே வீடுகளில் தெரியும். எனிட்டின் வேலை, கேமராவுக்குப் பக்கத்தில் வசனப் பிரதியோடு நிற்பது. யாராவது வசனத்தை மறந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்குவாள். வீடுகளில் சத்தம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தானை விடுவாள். ஜனங்கள் தங்கள் பெட்டிதான் கோளாறு என்று அதன் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு டீயைக் குடிப்பார்கள். ஆனால் பொத்தானை அமுக்கும் போதெல்லாம் மேலே கண்ணாடி அறையில் இயக்குநர் செல்பியின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவரை ஏமாற்ற முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை லயனலுக்காக அது இரண்டு முறை எரிந்தது.

"இன்னொரு தடவை எரிஞ்சா நீதிபதிக்கு மாரடைப்பு" என்று வெள்ளிக்கிழமை செல்பி எனிட்டிடம் சொன்னார். "அடுத்த வாரம் பூமிலேருந்து புது நீதிபதி வந்து இறங்குவார்."

"இந்த வாரம் அவருக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம் சார். நானே உட்கார்ந்து கேட்டேன்" என்றாள் எனிட். சுத்தப் பொய். லயனல் முப்பது வருஷம் மேடையை ஆண்ட மனுஷர். மூன்று வருஷம் யாரும் கூப்பிடாமல் வீட்டில் கிடந்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். அவரை விரட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

லயனல் வந்து தன் ஆசனத்தில் உட்கார்ந்தார். தகட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கேம்மா என் புத்தகம்?"

"எடுத்துட்டாங்க சார்."

"அதனால என்ன? எல்லாம் இங்கே இருக்கு" என்று டோப்பாவைத் தட்டிக் காட்டினார்.

ஐந்து மணி. இசை முடிந்து விசாரணை தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் தகரத் தலையோடு இயந்திர மனிதன், அதாவது உள்ளே வெந்துகொண்டிருந்த டெரிக் ஹாலம் என்ற நடிகன். விண்கலத்தில் ஒரு மாலுமிக்கு நோய். தெரிந்தால் கேப்டன் அவனை வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். இயந்திரம், "அவர் நல்லா இருக்கார்" என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றிவிட்டது. பொய் சொன்ன இயந்திரத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். எனிட்டுக்கு இந்தக் கதை வெள்ளிக்கிழமையிலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இருபது நிமிஷம் லயனல் சிங்கம் மாதிரி நடத்தினார். பிறகு நீதிபதியே இயந்திரத்தைக் கேள்வி கேட்கும் கட்டம். முன்னால் சாய்ந்தார், வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. எனிட்டின் கட்டைவிரல் பொத்தான் மேல் வழுக்கியது.

"என்ன ஆச்சு?" என்று காதுக் கருவியில் செல்பி சீறினார். "மறந்துட்டாரா?"

அப்போது தகரத் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் சொன்னது பொய்னு எனக்குத் தெரியுமான்னுதானே கனம் நீதிபதி கேக்க வர்றீங்க? தெரியும்."

எனிட் விரலை எடுத்தாள். அடுத்த மூன்று கேள்விகளையும் டெரிக்கே கேட்டு அவனே பதில் சொன்னான். லயனல் கம்பீரமாகத் தலையாட்டினார். தீர்ப்புச் சொல்லும் கட்டம் வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் தகட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"கனம் நீதிபதி" என்றான் டெரிக், "என்னை விடுதலை செய்யப் போறீங்க."

எனிட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயந்திரம் செத்தால்தான் மீதி இரண்டு வாரக் கதையே. ஆனால் லயனலின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. தன் வசனம் மறந்தாலும் மறக்கும், அதை இன்னொருத்தன் தப்பாகச் சொன்னால் எந்த நடிகனுக்கும் பொறுக்காது. டெரிக் அதைத் தெரிந்துதான் செய்தான்.

"இல்லை. உயிரைக் காத்தாலும் பொய் பொய்தான். இந்த இயந்திரத்தைப் பிரித்துப் போடுங்கள்."

ஒரு எழுத்து பிசகவில்லை. சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

ஒளிபரப்பு முடிந்ததும் செல்பி இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"டெரிக், உன் இஷ்டத்துக்கு விடுதலையா? வேஷம் முடியுதேன்னு இன்னும் ரெண்டு வாரம் ஒட்டிக்கப் பாத்தியா?"

"விட்டுடுங்க செல்பி" என்றார் லயனல் பெருந்தன்மையாக. "பையன் வசனத்தை மறந்து உளறிட்டான். நான்தான் சமாளிச்சேன்."

நடிப்பில்லை. அவர் அதை மனசார நம்பினார். எனிட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

டெரிக் தகரத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேர்வை வழிய நின்றான்.

"இனிமே இந்தக் கட்டிடத்துல உனக்கு வேலை கிடையாது" என்று அவனிடம் சொல்லிவிட்டு செல்பி திரும்பினார். "எனிட், பிரதி உன் கையிலதானே இருக்கு? யார் மறந்தது? நீயே சொல்லு."

கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். டெரிக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லயனல் பிழைத்துக்கொள்வார்.

"மிஸ்டர் கார்விக்தான் மறந்தார் சார்" என்றாள் எனிட். "டெரிக் அவரைக் காப்பாத்தினான். அவருக்கு எல்லாம் பாடம்னு நான் வெள்ளிக்கிழமை சொன்னது பொய்."

"என்னம்மா சொல்றே?" என்று லயனல் சிரித்தார். சிரித்தபடியே டெரிக்கைப் பார்த்தார். டெரிக் தரையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. டோப்பாவைக் கழற்றித் தகட்டின் மேல் வைத்தார்.

செல்பியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நாளைக்கு என் ரூமுக்கு வா, எனிட்" என்று மட்டும் முனகிவிட்டு மேலே போய்விட்டார்.

லயனல் மெல்ல இறங்கி எனிட்டிடம் வந்தார். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று அவள் நின்றாள். அவர் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"என் ரூம் எந்தப் பக்கம்மா?"

நாலு வாரமாக அவர் போய் வந்துகொண்டிருந்த ஒப்பனை அறை. எனிட் பிரதியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் சார்."