மூன்றாவது பாலத்து மணி

டாலி ஓடைப் பள்ளத்தாக்குக்குள் நடக்கப் போகிறவர்கள் முதலில் வாசலில் இருக்கும் மரப்பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு நோட்டும், நூலில் கட்டிய துண்டுப் பென்சிலும் இருக்கும். பெயர், எத்தனை பேர், எதுவரை போகிறோம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் பெயருக்கு நேரே ஒரு டிக். யாராவது காணாமல் போனால் ஷெரிஃப் ஆட்கள் முதலில் பார்ப்பது அந்த நோட்டைத்தான். டிக் இல்லையென்றால் ஆள் உள்ளே இருக்கிறார். இருந்தால் வெளியே வந்துவிட்டார். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

சென்ற அக்டோபரில் இடெல் ஸ்டோக் என்ற பெயருக்கு நேரே இருந்த டிக் நான் போட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் லவோன். முப்பத்தொரு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். காலை ஏழு பத்து என்றால் ஏழு பத்துதான். ஷூ போடாத பிள்ளையைக்கூட அப்படியே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இடெல் எனக்கு நேர் எதிர். பள்ளத்தாக்கு வாசலில் கடைசி வீடு அவளுடையது. பத்தொன்பது வருடம் வியாழக்கிழமைதோறும் இருவரும் அந்தப் பாதையில் நடந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். ஓடைத் தண்ணீருக்குள் முங்கி நடக்கும் சாம்பல் குருவி ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். நிற்பாள், குந்துவாள், ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொள்வாள். அவள் முதுகுப்பையில் ஒரு பித்தளை மணி தொங்கும். கரடிக்கு நாம் வருவது தெரியட்டும் என்று இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படிக் கட்டிக்கொள்வார்கள். நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மணி கேட்டால் வருகிறாள் என்று பொருள்.

பெட்டிக்கு முதலில் வந்து சேர்வது நான் என்பதால் இரண்டு பெயருக்கும் நானே டிக் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். அவள் வர இன்னும் அரை மணி ஆகும். வீடுதான் பக்கத்திலேயே இருக்கிறதே. செய்யக் கூடாத காரியம் என்று இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லியே என்னைச் சீண்டுவாள்.

"நோட்டுப்படி நான் வீட்டுக்குப் போய்ச் சேந்தாச்சுடி. காலுதான் இன்னும் காட்டுக்குள்ள கெடக்கு."

அந்த அக்டோபர் வியாழன், லார்ச் மரங்கள் மஞ்சளாகி ஊசி ஊசியாக உதிர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது பாலத்தைத் தாண்டி ஒரு பாறையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றோம். அப்போதுதான் சொன்னாள்: வீட்டை விற்கப் போகிறாளாம். ஸ்போகேன் நகரத்தில் தம்பி மெரில் தனியாக இருக்கிறானாம், அவனோடு போய் இருக்கப் போகிறாளாம். ஏஜெண்டிடம் பேசியாயிற்று, தேதி குறித்தாயிற்று, எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் செய்தி. பத்தொன்பது வருடம் பின்னால் வந்தவளுக்கு இதை முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போ, போய்த் தம்பிக்குச் சோறாக்கிப் போடு என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன்.

பின்னால் மணி வந்தது. பாலத்தை நான் தாண்டும்வரை வந்தது. அப்புறம் நின்றது.

குருவியைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி நின்ற விதம் வேறு என்று என் காதுக்குத் தெரியும். நடை நின்றால் மணி தேய்ந்து நிற்கும். இது வெடுக்கென்று ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கூப்பிட்டாளோ என்னவோ, ஓடைச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் திரும்பவில்லை. ஒன்றரை மைல் கோபத்திலேயே நடந்து வந்து, பெட்டியைத் திறந்து, இரண்டு டிக் போட்டு, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள், இடெலைக் காணோம் என்று ஷெரிஃபின் ஆள் வந்து, அவள் வெளியே வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டான். பார்த்தேன், எனக்குப் பின்னாலேயே வந்தாள் என்றேன். வாய் தானாகச் சொன்னது. ஒருமுறை சொன்னதைத் திருப்பி எடுக்கத் தைரியம் வரவில்லை. அதனால் வீட்டைத் தேடினார்கள், சாலையைத் தேடினார்கள், கீழே பெரிய ஆற்றில் படகு விட்டார்கள். பள்ளத்தாக்குக்குள் பேருக்கு இரண்டு பேர் இரண்டாவது பாலம்வரை போய்த் திரும்பினார்கள். ஐந்தாம் நாள் முழங்கால் அளவு பனி விழுந்தது. தேடலை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வியாழன் நான் நடக்கப் போகவில்லை.

மெரில் ஜனவரியில் வந்தார். மரம் அறுக்கும் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்துக் காது போனவர். மெல்லிய சத்தம் எதுவும் எட்டாது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார். காதுக் கருவி காற்றில் இரைகிறது என்று அதையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார். அக்கா வாரா வாரம் நடந்த பாதையை ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும், கூட வருகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? பனியில் கால் புதையாதிருக்க பூட்ஸில் கட்டும் சட்டங்களை அவருக்கும் சேர்த்து எடுத்துப் போனேன்.

பள்ளத்தாக்கு வெள்ளையாக வாயடைத்துக் கிடந்தது. ஓடை பாதி உறைந்து, வேகமான இடங்களில் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. மூன்றாவது பாலத்தில் காலை வைத்தேன். மணி அடித்தது.

பழக்கத்தில் பின்னால் திரும்பினேன். பனியில் எங்கள் தடங்கள் மட்டும்தான். மெரில் ஒன்றும் கேளாதவராகக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குளிர் தாங்கவில்லை என்று பொய் சொல்லி அவரைத் திருப்பி அழைத்து வந்தேன்.

இறங்கும்போது அவர் ஒன்று சொன்னார். அக்கா பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்தது நோட்டில் இருக்கிறது, ஆகவே உயிரோடுதான் இருக்கிறாள், தன்னோடு வந்து இருக்கப் பிடிக்காமல் எங்கோ போய்விட்டாள்.

"புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன, கையப் புடிச்சா இழுத்துட்டுப் போயிருப்பேன்?"

நான் போட்ட ஒரு டிக் அந்த மனிதருக்கு நம்பிக்கையாகவும் இருந்தது, நெஞ்சில் முள்ளாகவும் இருந்தது. எதைப் பிடுங்கினாலும் மற்றதும் சேர்ந்து வந்துவிடும்.

மே மாதம் மறுபடி வந்தார். மலைப்பனி உருகி ஓடை கரைபுரண்டு, பாலத்தின் அடிக்கட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பாதையோரம் மஞ்சள் பூக்கள் தலை குனிந்து நின்றன. நடந்து முடித்ததும் காலுறையில் உண்ணி தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று கத்தினால்கூடப் பேச்சு கேட்காத இரைச்சல். அதற்குள்ளும் மூன்றாவது பாலத்தில் மணி கேட்டது. நிற்காமல், மூச்சு விடாமல், வெறி பிடித்த மாதிரி அடித்தது. எதிரே வந்த இளஞ்ஜோடி ஒன்று சிரித்தபடி எங்களைக் கடந்து போனது. அவர்கள் பைகளிலும் மணி இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் மணிச் சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யாரோ நடக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். செய்த காரியத்துக்கு இந்தத் தண்டனை போதாது என்றும் நினைத்தேன்.

ஆகஸ்டில் ஓடை வற்றிக் கற்கள் வெளியே வந்தன. ஹக்கிள்பெர்ரிப் பழம் பறித்துத் தின்று எங்கள் விரல்கள் ஊதாவாகிவிட்டன. மூன்றாவது பாலத்தில் பயந்துகொண்டே நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. விட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளை இரண்டாம் முறை இழந்த மாதிரி அழுதேன். மெரில் என் தோளைத் தட்டி, தன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த நல்ல மனிதரை அன்றைக்கு எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்த அக்டோபரில் கடைசித் தடவையாக வந்தார். நான்கு நாள் மழை பெய்து ஓடை மறுபடி ஏறியிருந்தது. லார்ச் ஊசிகள் பாதை முழுக்க மஞ்சளாகக் கிடந்தன. அக்கா வீட்டை விற்றுவிட்டதாகவும், இனிமேல் வரப்போவதில்லை என்றும் நடந்தபடியே சொன்னார். மூன்றாவது பாலத்தில் நின்றார்.

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நான் கூப்புட்டதுதான் தப்பு."

இதோடு போய்விடுவார், சாகும்வரை இதைச் சுமப்பார். மணி வேறு அடிக்கத் தொடங்கியிருந்தது.

"அந்த டிக் நான் போட்டது" என்றேன்.

தலை குனிந்து சொன்னதால் அவருக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டார். முகத்தை நிமிர்த்தி, ஓடைச் சத்தத்துக்கு மேலே, ஒவ்வொரு சொல்லாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வெளியே வரவேயில்லை. இங்கே மணி நின்றது. எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. ஷெரிஃப் ஆளிடம் பொய் சொன்னேன். அவள் உங்களோடு வந்து இருக்கத்தான் வீட்டை விற்க இருந்தாள். அந்தப் பொறாமையில்தான் அவளை விட்டுவிட்டு நடந்தேன்.

அவர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"என்கூட வரத்தான் இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று மீதியையும் சொன்னேன். இந்தப் பாலத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மணி கேட்கிறது, இப்போதும் கேட்கிறது.

மெரில் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் காதை நம்பியே பல வருடம் வாழ்ந்தவர்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

அதை நான் ஒரு தடவைகூட என்னையே கேட்டுக்கொண்டதில்லை. ஆவிக்குப் பக்கம் ஏது என்று இருந்துவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டேன். பக்கம் இருந்தது. பாலத்தைத் தாண்டி, ஓடை மேலிருந்து வரும் பக்கம், பாதைக்குக் கீழே, பெரிய பாறைகள் சாய்ந்து கிடக்கும் இடத்திலிருந்து வந்தது.

வேர்களைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினோம். முப்பது அடிகூட இருக்காது. பாதையிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே, தண்ணீர் சுழித்து விழும் இடத்தில், ஒரு கிளை ஓடையைத் தொட்டுக்கொண்டு ஆடியது. அதன் நுனியில் பித்தளை மணி. பூட்ஸ் நாடாவால் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வெள்ளம் வந்தால் அடிக்கும், வற்றினால் ஓயும். பாறைக்கு அடியில் அவளுடைய பச்சைப் பை தெரிந்தது. பக்கத்தில் நாடா இல்லாத ஒரு பூட்ஸ். அதற்கு அப்பால் நான் பார்க்கவில்லை.

நான் டிக் போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். நோட்டுப்படி அவள் வீட்டில் இருக்கிறாள், தேடி ஒருவரும் வரப்போவதில்லை. அடுத்த வியாழன் நான் வருவேன் என்றுதான், விழுந்த இடத்திலிருந்து எழ முடியாதவள் அதைக் கட்டியிருக்கிறாள். ஜனவரியில் கேட்டேன். மே மாதம் கேட்டேன். பேய் என்று நினைத்து ஓடினேன்.

மெரில் தண்ணீரில் இறங்கி, ஒரு விரலால் மணியைத் தொட்டார். விரல் அதிர்வதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அடிக்குதா?"

"அடிக்குது" என்றேன்.